அணைக்காமல் ஓட விடுங்கள்

புதிதாக வாங்கிய பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மக்கள் முதலில் தூக்கிப் போடுவது, அதோடு வரும் சின்னப் புத்தகத்தைத்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தப் புத்தகங்களை எழுதிப் பிழைத்தவள் நான். யாரும் படிக்காததை எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. பிழையில்லாமல் எழுதினால் போதும், அழகாக எழுத வேண்டியதில்லை. இதையும் அப்படியே எழுதித் தருகிறேன். நீங்கள் கேட்டு நான் சொல்லி இன்னொருவர் எழுதிக்கொள்வதைவிடச் சீக்கிரம் முடியும். வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டீர்கள். வேண்டாம். தப்பித்துப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கிற எண்ணமும் இல்லை.

எங்கள் கம்பெனி செய்தது ஹியூமிடிஃபையர். குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்தி ஹீட்டர் போட்டால் அறையின் காற்று காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், தொண்டை வறளும். தண்ணீரை மெல்லிய புகைபோல விட்டு அந்தக் காற்றை ஈரமாக்குகிற கருவி அது. மற்ற கம்பெனிகள் அதைப் பிளாஸ்டிக் வாளி மாதிரி செய்து விற்றன. விருந்தாளி வந்தால் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற சாமான். நாங்கள் செய்தது, விருந்தாளி வருகிறார் என்றால் துடைத்து ஹாலின் நடுவில் வைக்கிற சாமான். வெள்ளைப் பீங்கானில் முதலில் கூழாங்கல் வந்தது. பிறகு பேரிக்காய். கடைசியாக உறங்கும் புறா. கழுத்தைத் திருப்பி அலகை இறக்கைக்குள் செருகிய புறா. அலகு மறைந்த இடத்திலிருந்து புகை நூல் பிரிந்து வரும். அதைப் பார்த்து ஆசைப்படாத ஒருவரை நான் கண்டதில்லை. நானும் ஆசைப்பட்டேன்.

அதை வடிவமைத்தவரை ஆபீஸில் எல்லோரும் சிற்பி என்போம். கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் எங்களுக்கும் கேலி மறந்துபோயிற்று. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார்.

பட்டறையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. புதிய மாதிரி வந்தால் யாராவது ஒருவர் கையை முஷ்டியாக மூடித் தண்ணீர் ஊற்றுகிற வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். முஷ்டி நுழைந்தால்தான் அச்சு எடுப்பார்கள். கை போகிற இடத்தைத்தான் கழுவ முடியும் என்பது கணக்கு. புறாவுக்கு முதுகில் வாய் வைத்தார்கள். மூடியின் கோடு வெளியே தெரிந்தது.

"தூங்குற பறவைக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணின மாதிரி இருக்கு" என்றார் சிற்பி. வாயைச் சுருக்கினார். சுருக்கிச் சுருக்கி இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கொண்டுவந்து இறக்கை மடிப்பில் ஒளித்துவைத்தார். அந்த மாதிரியில் யாரும் முஷ்டியை விட்டுப் பார்க்கவில்லை. பார்க்கும்போதே போகாது என்று தெரிந்ததால் பார்க்கவில்லை.

நான் வழக்கம்போலப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்: மூன்று நாளுக்கு ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலரவிடவும். இல்லாவிட்டால் உள்ளே பாசியும் கிருமியும் வளர்ந்து ஆவியோடு மூச்சில் போகும்.

"ரெண்டு விரல் போற ஓட்டைக்குள்ள எப்படித் தேய்ப்பாங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"தேய்க்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப அந்த வரிய எடுத்துடுங்கக்கா. செய்ய முடியாத வேலைய எதுக்குச் சொல்லிக்கிட்டு? ஆசையா வாங்கிட்டு வந்து பிரிக்கிறவங்க மூணாம் பக்கத்துலயே பாசி கிருமின்னா படிப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. செய்ய முடியாததைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வாயை அகலமாக்கியிருக்க வேண்டும். நாங்கள் வரியைக் குறைத்தோம். 'அவ்வப்போது அலசவும்' என்று மாற்றினேன். அடித்தது என் பேனா, அடிக்கச் சொன்னது அவர். இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை என்னோடு இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் செய்துகொண்டு இரண்டாவது வருடம் பெட்டியோடு திரும்பி வந்தாள். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. படுக்கையறை மூலையில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, அந்தக் கூடாரத்துக்குள் மைக்கை வைத்துக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் வாசிப்பாள். குளிர் வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். மெருகில் ஊசிமுனை அளவு புள்ளி விழுந்து, விற்பனைக்கு ஆகாத ஒரு புறா ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அவள் பிறந்தநாளுக்கு அந்தப் புறா எங்கள் வீட்டுக்கு வந்தது.

"அக்கா, நாப்பத்தெட்டு வயசுல உனக்கு ரசனை வந்திருக்கு. பரவால்ல, சில பேருக்கு வராமலே போயிடும்" என்றாள்.

முதல் குளிர்காலம் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்கல். டாக்டர் மார்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல புறா கிளின்னு ஏதாச்சும் வளக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு புறா இருக்கு டாக்டர். எரை கேக்காது, எச்சம் போடாது. ஒரு எடத்துல உக்காந்து பொகை மட்டும் விட்டுக்கிட்டிருக்கும்" என்றாள் என் தங்கை.

"அப்ப எங்க மாமனார் மாதிரி" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் சிரித்தோம். புறா எச்சத்தின் தூசியால் நுரையீரல் புண்ணாகிற நோய் ஒன்று இருக்கிறதாம். அதை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார். கேள்வி சரியான வாசலுக்குத்தான் வந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நாலு நாளில் தேறிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் மறுபடி விழுவாள். "உன் சமையல்தான்க்கா காரணம், டாக்டர் சொல்லத் தயங்குறார்" என்பாள். மூன்றாவது முறை போனவள் வரவில்லை. அவள் பாதியில் விட்ட புத்தகத்தை இன்னொருத்தி வாசித்து முடித்தாள். நான் கேட்டேன். ஒரு பத்தியின் நடுவில் குரல் மாறுகிறது, அவ்வளவுதான். கதை தன்பாட்டுக்குப் போகிறது.

சாவுக்குச் சிற்பி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர். அவர் கெட்டவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அவள் அறையைச் சுத்தம் செய்யும்போது புறாவைத் தூக்கினேன். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தளும்பியது. வாசனை சரியில்லை. துண்டில் சுற்றித் தரையில் வைத்துச் சுத்தியால் ஒரு அடி அடித்தேன். வெளியே பால் வெள்ளை. உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது, மீன் தோலைப்போல வழுவழுப்பாக. மடிப்பு மூலைகளில் கறுப்பு. இருபத்திரண்டு வருடம் நான் எச்சரித்து எழுதிய பாசியை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது போன் அடித்தது. டாக்டர்.

"அம்மா, அன்னைக்கு நாம சிரிச்சோமே, அந்தப் புறா. ரெண்டு நாளா எனக்கு அதே நெனப்பா இருக்கு. அது ஹியூமிடிஃபையரா?"

"ஆமா டாக்டர்."

"அப்படியே எடுத்துட்டு வாங்க. உள்ள இருக்கிறதத் தொடைக்காதீங்க. சோதனைக்கு அனுப்புறேன். ஒண்ணு போதும், எழுத வேண்டிய எடத்துக்கு நானே எழுதிக்கிறேன்."

"கீழ விழுந்து ஒடஞ்சிடுச்சு டாக்டர். குப்பையில போட்டாச்சு."

துண்டுகள் என் மடியில் இருந்தன. டாக்டர் ஏமாற்றத்தோடு பெருமூச்சு விட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்டீர்கள். புத்தகம் எழுதுவதோடு, வாங்கியவர்கள் அனுப்பும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. புகார் எப்படிச் சாகும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் குறைவு. ஒன்று என்றால் வாங்கியவரின் கவனக்குறைவு. இரண்டு என்றால் தற்செயல். மூன்று வந்தால் கூட்டம் போட்டு டீ குடிப்பார்கள். ஒருத்தி செத்ததற்கு ஒரு அனுதாபக் கடிதம் போகும், அதையும் நான்தான் எழுதியிருப்பேன். கடையை இழுத்துச் சாத்த வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். ஊர் ஒன்றை நம்பாது. பத்தை நம்பும்.

அடுத்த மாதமே கடிதங்கள் வரத் தொடங்கின. புறா வாங்கியதிலிருந்து இருமல் என்று யாராவது எழுதுவார்கள். நான் பதில் எழுதினேன்: 'இருமல் உள்ளவர்களுக்கு ஈரக் காற்று நல்லது. கருவியை அணைக்காமல் ஓட விடுங்கள். மருத்துவரின் அறிக்கையை நகலெடுத்து அனுப்பினால் மேலும் ஆலோசனை சொல்ல வசதியாக இருக்கும்.' அனுப்பினார்கள். மக்கள் பதில் வருகிற இடத்துக்கு எல்லாவற்றையும் அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போட்டுக் கோப்பில் வைத்தேன். வாங்கிய தேதி, முதல் இருமல், முதல் காய்ச்சல், படம் எடுத்த தேதி.

நான் யாருக்கும் எதையும் கலந்து கொடுக்கவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத் தொடரச் சொன்னேன்.

எல்லோருக்கும் அப்படிச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். சிகரெட் பிடிக்கிறவர்கள், முன்பே ஆஸ்துமா உள்ளவர்கள், சுண்ணாம்பு மில்லில் வேலை செய்தவர்கள், இவர்கள் எழுதினால் உடனே நிறுத்தச் சொல்லிப் பதில் போட்டேன். அவர்கள் நோய்க்கு வேறு காரணம் காட்டிவிடலாம், தாள் நிற்காது. அவர்கள் எல்லோரும் இன்று சௌக்கியம். ஒருவர் வாழ்த்து அட்டைகூட அனுப்பினார்: 'உங்கள் பேச்சைக் கேட்டுப் புறாவை நிறுத்திவிட்டேன். சிகரெட்டைத்தான் நிறுத்த முடியவில்லை.' குழந்தைகள் உள்ள வீடு என்று தெரிந்தால் நிறுத்தச் சொன்னேன். நான் அரக்கி இல்லை. ஒரு வீட்டில் மட்டும் குழந்தை இருப்பதை அவர்கள் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அது பிழைத்துக்கொண்டது.

ஒன்பதாவது தாள் கடிகாரக்காரரின் மனைவியுடையது. அவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு மேசையில் அதே வேலை. மனைவிக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்று கடிதம் எழுதிப் பதில் வாங்கிய பிறகு போனில் கூப்பிட்டார்.

"அம்மா, கடிகாரக்காரன் பேசுறேன். இருமல் விட்டபாடில்லம்மா. இந்தப் புறாவத் தூக்கிப் பரண்ல போடுங்கன்னு ஒரே சண்ட. நான் சொன்னேன், அந்தம்மா படிச்சவங்க, கைப்பட எழுதியிருக்காங்க, ஒனக்கு என்ன தெரியும்னு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் இருமலுக்கு நடுவே வந்தது. "ஊருல இருக்கிற கடிகாரத்துக்கெல்லாம் சாவி குடுத்துட்டு எனக்கும் குடுக்கப் பாக்குறாரு. ஓடாத கடிகாரத்த விட்டுருங்கன்னு சொல்லும்மா."

"கேட்டீங்களா? முப்பத்தொம்பது வருஷமா இந்த வாய்தான்" என்றார் அவர். அதில் பெருமை இருந்தது.

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். அவள் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப நிறுத்திடவா அம்மா? நீங்க சொல்றதுதான்."

என் முன்னால் அவள் தாள் இருந்தது. சிகரெட் இல்லை, ஆஸ்துமா இல்லை, வேறு எந்த நோயும் இல்லை. இரண்டு படங்கள் இருந்தன, மூன்றாவது இருந்தால் நோய் ஏறுவது தெளிவாகத் தெரியும். அதுவரை என் கோப்பில் அதைப்போல் சுத்தமான தாள் ஒன்றுகூட இல்லை.

"இன்னும் ரெண்டு வாரம் பாருங்கய்யா" என்றேன்.

நான்கு வாரம் கழித்து அவர் ஆபீஸுக்கு வந்தார். புறாவை ஒரு பழைய சால்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். திருப்பிக் கொடுக்க வரவில்லை. வீட்டில் அதைப் பார்க்க முடியவில்லை, யாராவது இல்லாதப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்றார். பிறகு, "எத்தனையோ எடத்துக்கு எழுதினேன். நீங்க ஒருத்தர்தான் பதில் போட்டீங்க. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். பேசிக்கொண்டே என் மணிக்கட்டைப் பார்த்தார். "ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுது." கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொல்லி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு, வரவேற்பு மேசையிலேயே பிரித்துச் சரி செய்து கொடுத்தார். அவர் போன பிறகு சால்வையைப் பிரித்தேன். அந்தப் புறாவை உடைக்காமல் முத்திரை போட்டு வைத்தேன். நல்ல சான்று.

அந்த வாரமே இன்னும் இரண்டு தாள் சேர்ந்தது. பத்தோடு நிறுத்தியிருக்கலாம். பத்து என்றால் யாரோ முழுசாக்கி எழுதியதுபோல இருக்கும். பதினொன்று நம்பும்படியான எண். கோப்பை ஒரு பத்திரிகையிடம் கொடுத்தேன். ஒரே மாதத்தில் எல்லாம் நடந்தது. சோதனை போட்டார்கள், கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். வீடு வீடாகப் போய் ஐயாயிரத்துச் சொச்சம் புறாக்களைத் திரும்ப வாங்கினார்கள். சிற்பி இப்போது ஜாமீனில் இருக்கிறார். பீங்கானையே தொடுவதில்லை என்று கேள்வி. பதினொரு பேரில் நால்வர் இறந்துபோனார்கள். ஐயாயிரம் வீடுகள் மூச்சு விடுகின்றன. தராசை யார் கையில் வேண்டுமானாலும் கொடுங்கள், நான் பயப்படவில்லை. இதைச் செய்ய வேறு யாருக்கும் பொறுமை இருந்திருக்காது.

பத்திரிகையில், கம்பெனி ஊழியை ஒருவர் போன வருடத்திலிருந்தே ஆதாரம் திரட்டினார் என்று மாதத்தோடு எழுதிவிட்டார்கள். கடிகாரக்காரர் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க எழுதின லெட்டர் மூணு எங்கிட்ட இருக்கு. பேப்பர்ல போட்ட மாசம் அதுக்கெல்லாம் முந்தி இருக்கு. எனக்குத்தான் கணக்கு ஒதைக்குதா?"

"இல்லய்யா. சரியாத்தான் பாத்திருக்கீங்க."

"ரெண்டு வாரம் பாருங்கன்னு சொன்னீங்களே, அப்ப?"

"தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்குப் பதில் வைத்திருந்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வேணாம் வேணாம்னா. நான்தான் தெனம் காலைல தண்ணி ஊத்தி வெச்சேன். இந்தக் கையால."

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லய்யா. உங்களுக்குத் தெரியாது." இதை நான் மனதாரச் சொன்னேன். "என் தங்கச்சியும் இதே மாதிரிதான் போனா. அவளுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பின்மூடி திறந்த கடிகாரத்தைப் பார்க்கிற பார்வை.

"அவங்களுக்கு யாரும்மா தண்ணி ஊத்துனது?"

டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போனார். மறுநாள் அந்த மூன்று கடிதங்களோடு உங்களிடம் வந்திருக்கிறார். ஒழுங்கான மனிதர், தேதி வாரியாக அடுக்கித்தான் கொடுத்திருப்பார்.

நேற்று நீங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு, இதில் உங்கள் தங்கையின் தாள் எது என்று கேட்டீர்கள். இல்லை. ஊழியரின் குடும்பத்தைச் சேர்த்தால் சொந்தப் பகை என்று தள்ளிவிடுவார்கள், அதனால் சேர்க்கவில்லை என்றேன். அது சரியான காரணம். இப்போதும் அதையே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவளுக்கும் ஒரு தாள் எழுத உட்கார்ந்தது உண்மை. முதல் தாளே அவளுடையதுதான். வயது, வேலை, இருமல் தொடங்கிய வாரம், எல்லாம் வரிசையாக வந்தது. அடுத்த வரி, கருவி வீட்டுக்கு வந்த விதம். அதற்கடுத்த வரி, தினமும் நிரப்பியவர். மூன்றாம் பக்கத்தில் முதலில் என்ன எழுதியிருந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தி இரண்டு குளிர்காலம், காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், இரண்டு விரல் ஓட்டை வழியாகப் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றி, தங்கையின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டுப் போனாள். தாளைக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கே டாக்டரிடம் அந்த ஒன்றைக் கொடுத்திருந்தால் நான்கு பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்கிறீர்கள். இருந்திருப்பார்கள். ஆனால் ஒன்றே ஒன்று என்றால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார், நிரப்பியது யார் என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள். பதினொன்று சேர்ந்த பிறகு, கடிகாரக்காரர் வரும்வரை என்னிடம் யாருமே அதைக் கேட்கவில்லை.